பால் காய்ச்ச நாள் குறித்த பிறகு

மதுரையில் அம்மாவின் சமையலறையில் தொங்கும் நாள்காட்டியில், வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம் போட்டிருந்தது. லண்டனின் வடமேற்கே ஹாரோவில் நாங்கள் வாங்கவிருந்த வீட்டில் பால் காய்ச்ச அம்மா பார்த்து வைத்த நாள். பிப்ரவரி நடுவில் எங்கள் விலைக்கு விற்பவர் சம்மதம் சொல்லியிருந்தார். அதன்பிறகு பத்து வாரம் ஓடியது. சர்வே முடிந்தது. வங்கி கடன் தர ஒத்துக்கொண்டது. சொலிசிட்டர் கவுன்சிலில் கேட்க வேண்டிய விவரங்களையெல்லாம் கேட்டு வாங்கினார். ஏப்ரல் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஏஜென்ட் போன் செய்தார். வேறொருவர் 15,000 பவுண்டு கூடுதலாகத் தருகிறாராம். விற்பவருக்கு அதில் சம்மதமாம். "அந்த விலைக்கு நீங்கள் வர முடியுமா என்று நாளைக்குள் சொல்லுங்கள்" என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

எங்களால் முடியவில்லை. வீடு போயிற்று. சர்வேக்கும் சொலிசிட்டருக்குமாகச் செலவழித்த 1,800 பவுண்டும் போயிற்று. பணத்தை விட்டுத்தள்ளலாம் என்று இரண்டே நாளில் மனம் சமாதானமாகிவிட்டது. வீட்டை விடத்தான் முடியவில்லை. இரவில் விழித்துக்கொண்டு, எங்களுடையதாக ஒருநாளும் இருந்திராத அந்த மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அண்ணன் பார்க்க வந்தவர் பரிவாகத்தான் கேட்டார்: "அது உங்க வீடே இல்லையேம்மா. கையில இல்லாததுக்கு எதுக்கு இந்த அழுகை?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என்னுடையதாக இல்லாத ஒன்றை நான் எப்படி இழந்தேன்? விடை தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, உளவியலும் பொருளியலும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக இதே கேள்வியைச் சுற்றி வந்துகொண்டிருப்பது தெரிந்தது.

முதலில் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி நடப்பதற்குப் பெயரே இருக்கிறது, கஸம்பிங். ஏமாற்றுவதைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக 1920களில் புழங்கியது. வீட்டு விலை தாறுமாறாக ஏறிய 1970களின் தொடக்கத்தில் இன்றைய பொருளில் நிலைத்தது. இதைச் செய்கிறவர் சட்டத்தை மீறுவதில்லை. நிலம் விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பேசிய நிபந்தனைகள் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டுச் சட்டம். வாயால் சொன்ன சம்மதத்துக்கு அங்கே மதிப்பில்லை. இதன் வேர் 1677 வரை போகிறது. பொய்ச்சாட்சியை வைத்துக்கொண்டு "இந்த நிலத்தை எனக்கு விற்பதாகச் சொன்னார்" என்று யாரும் வழக்குத் தொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அன்றைய நாடாளுமன்றம் எழுத்தைக் கட்டாயமாக்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தக் கையெழுத்துப் படிகளைப் பரிமாறிக்கொள்ளும் நாள், இங்குள்ளவர்கள் 'எக்ஸ்சேஞ்ச்' என்று சொல்லும் நாள், சம்மதம் சொன்னதிலிருந்து பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் தள்ளித்தான் வருகிறது. வழக்கமாகப் பத்து சதவீத முன்பணமும் அன்றுதான் கைமாறுகிறது. அதுவரை எந்தப் பக்கமும் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். புதிதாக யாராவது விலை கேட்டால், அதை விற்பவரிடம் சொல்லியாக வேண்டிய கடமையும் ஏஜென்ட்டுக்கு இருக்கிறது.

நம்மூரில் அட்வான்ஸ் கொடுத்து கிரய ஒப்பந்தம் எழுதிக்கொண்டே பழகிய எனக்கு, பத்து வாரம் வெறும் வாய்வார்த்தையில் ஒரு வீடு தொங்குவது முதலில் நம்பக்கூடியதாகவே இல்லை. பக்கத்திலேயே ஸ்காட்லாந்தில் இது அரிது. அங்கே விலை கேட்பதே சொலிசிட்டர் வழியாக எழுத்தில்தான். வீட்டின் நிலையைச் சொல்லும் அறிக்கையை 2008 முதல் விற்பவரே முன்கூட்டித் தயாரித்து வைக்க வேண்டும். விலை பேசி முடித்தபின் வேறு ஆளிடம் தாவும் விற்பவருக்காகத் தொடர்ந்து வேலை பார்க்கக் கூடாது என்று சொலிசிட்டர்களின் தொழில் அமைப்பே வழிகாட்டுகிறது. ஆக, இதை மனித சுபாவம் என்று சொல்லிக் கைகழுவ முடியாது. இரண்டு தேதிகளுக்கு நடுவே ஒரு நாடு விட்டுவைத்திருக்கும் இடைவெளிதான் இதற்கு இடம் கொடுக்கிறது.

மனம் அந்த இரண்டாவது தேதி வரை காத்திருப்பதில்லை. என் அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இங்கேதான் தொடங்குகிறது.

1990இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூவரும் வெளியிட்ட சோதனை ஒன்று இன்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்து, என்ன விலை என்றால் விற்பீர்கள் என்று கேட்டார்கள். இன்னொரு பகுதியினரிடம், என்ன விலை கொடுத்து வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். மூன்றாவது பகுதியினருக்குக் கோப்பையைக் கொடுக்கவில்லை. கோப்பை வேண்டுமா, பணம் வேண்டுமா என்று ஒவ்வொரு தொகையாகச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வாங்குவோர் சொன்ன நடுமதிப்பு 2.87 டாலர். தேர்ந்தெடுப்போர் சொன்னது 3.12 டாலர். விற்போர் கேட்டதோ 7.12 டாலர். இதில் நான் நின்று யோசித்த இடம், விற்போரும் தேர்ந்தெடுப்போரும் உண்மையில் ஒரே நிலையில் இருக்கிறார்கள் என்பது. இருவரும் கோப்பையோடோ பணத்தோடோ வீட்டுக்குப் போகப்போகிறவர்கள்தான். ஒரே வித்தியாசம், விற்போருக்கு "இது உன்னுடையது" என்று சில நிமிடங்களுக்கு முன்னால் சொல்லியாயிற்று. அந்தச் சொல்லுக்கு மட்டும் விலை இரு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

இதை உடைமை விளைவு என்கிறார்கள். கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்த கோட்பாட்டோடு இது பொருந்துகிறது. நாம் எதையும் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்தே அளக்கிறோம், அந்தப் புள்ளிக்குக் கீழே போவது மேலே போவதைவிட அதிகம் கனக்கிறது என்பது அவர்கள் வாதம். 1992இல் அவர்கள் செய்த கணக்கில் அந்தக் கனம் இரண்டேகால் மடங்கு. எல்லாச் சோதனையிலும் இதே அளவு வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோதனை முறையை மாற்றி, பங்கேற்போருக்கு நன்றாகப் பயிற்சி கொடுத்தால் கோப்பையின் விலை வித்தியாசம் மறைந்துவிடுகிறது என்று 2005இல் சார்ல்ஸ் பிளாட்டும் காத்ரின் ஸைலரும் காட்டினார்கள். விளையாட்டு வீரர் அட்டைகளை வாங்கி விற்கும் சந்தையில் ஜான் லிஸ்ட் ஆராய்ந்தபோது, பழுத்த வியாபாரிகளிடம் இந்த விளைவு மிகக் குறைவாகவே இருந்தது. கையில் இருப்பது விற்பதற்கே என்று நினைத்து வாழ்கிறவருக்கு அது பிரிவதில் வலியில்லை. ஏஜென்ட்டின் அந்தச் சமமான குரலை ஈவிரக்கம் இல்லாமை என்று நான் பல நாள் திட்டியிருக்கிறேன். அவருக்கு அது அந்த வாரத்து எத்தனையோ கோப்புகளில் ஒன்று. எனக்கோ வாழ்நாளில் முதல் வீடு.

ஆனாலும் எங்கள் கைக்கு வீடு வரவேயில்லையே? கைக்கு வர வேண்டிய அவசியமில்லை என்கின்றன அடுத்து வந்த ஆய்வுகள். 2008இல் வெளியான ஒன்றில், ஏலத்துக்கு முன் கோப்பையைச் சிலர் 10 நொடியும் சிலர் 30 நொடியும் கையில் வைத்துப் பார்த்தார்கள். அதிக நேரம் வைத்திருந்தவர்கள் அதிக விலை கேட்டார்கள். அது இன்னும் யாருடையதும் ஆகவில்லை. ஏலத்தில் உச்ச விலை கேட்டவராக நீண்ட நேரம் இருப்பவருக்கு, பொருள் தன்னுடையதே என்ற உணர்வு ஊறிவிடுகிறது, யாராவது மேலே கேட்டால் தன் பொருளைப் பிடுங்குவதுபோல எதிர்த்து ஏறுகிறார் என்று 2004இல் ஜேம்ஸ் ஹேமனும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். ஸிவ் கார்மனும் மற்றவர்களும் 2003இல் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. இரண்டு பொருள்களில் எதை எடுப்பது என்று நன்றாக யோசித்து ஒன்றை எடுத்தவர்களுக்கு, எடுக்காமல் விட்டது ஏதோ தொலைந்துபோனதுபோல் இருந்தது. யோசிக்கும்போதே இரண்டையும் மனதால் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

நாங்கள் 30 நொடியா வைத்திருந்தோம்? பத்து வாரம். அந்த வீட்டின் முன்னறை ஜன்னலுக்குத் திரைச்சீலை அளந்தோம். எட்டு வயது மகள் தன் அறை எதுவென்று முடிவு செய்து பள்ளித் தோழியிடமும் சொல்லிவிட்டாள். வாசல் எந்தத் திசை, அடுப்பு எங்கே என்று அம்மா கேட்டுக் கேட்டு, நான் தாளில் படம் வரைந்து அனுப்பினேன். பூஜைக்கு மாடிப்படியடியில் இடம் போதுமா என்ற பேச்சு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடியது. சட்டம் கேட்கும் கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாப் பதிவும் எங்கள் வீட்டில் முடிந்திருந்தது.

வலியின் இன்னொரு பாதி, எவ்வளவு கிட்டத்தில் வந்து தவறியது என்பதில் இருக்கிறது. கானமனும் ட்வெர்ஸ்கியும் 1982இல் ஒரு கதை சொல்லிக் கேட்டார்கள். இரண்டு பேர் ஒரே காரில், ஒரே போக்குவரத்து நெரிசலில் சிக்கி, விமான நிலையத்துக்கு அரைமணி தாமதமாக வருகிறார்கள். ஒருவருடைய விமானம் நேரத்துக்கே போய்விட்டது. மற்றவருடையது தாமதமாகி, ஐந்து நிமிடத்துக்கு முன்தான் கிளம்பியது. யாருக்கு அதிக வருத்தம்? நூற்றுக்கு 96 பேர் இரண்டாமவருக்கு என்றார்கள். இருவரும் இழந்தது ஒன்றுதான். ஆனால் ஐந்து நிமிடத்தை மனதுக்குள் சரிசெய்துவிட முடிகிறது, அந்தச் சிக்னலில் நிற்காமல் இருந்திருந்தால் என்று. எங்களுக்கு எக்ஸ்சேஞ்ச் அடுத்த வாரம் என்று பேச்சு. ஈஸ்டர் விடுமுறை நடுவில் வராமல் இருந்திருந்தால், அந்த ஒரு படிவத்தை நான் இரண்டு நாள் முன்னதாக அனுப்பியிருந்தால் என்று எத்தனை இரவு திருத்தி எழுதினேனோ.

மூளையில் நடப்பதை வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டின. விளக்கு எரிந்தால் சற்று நேரத்தில் பழச்சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், டோபமைன் நரம்பணுக்கள் சாறுக்கு அல்ல, விளக்குக்கே துள்ளுகின்றன. அதாவது மகிழ்ச்சிக் கணக்கு அறிவிப்பு வரும்போதே வரவில் வைக்கப்பட்டுவிடுகிறது. பிறகு சாறு வராமல் போனால், அது வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அந்த அணுக்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே விழுகிறது. குரங்கின் நொடிக்கணக்கை மனிதரின் மாதக்கணக்கோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் நீல வட்டம் போட்ட அந்த வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது, ஏப்ரல் செவ்வாயைவிட மோசமாக இருந்ததற்கு இதைவிட நெருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவோடு முடிந்தால் அது துக்கம் மட்டும்தான். கூடவே ஒரு குமட்டல் இருந்தது. வங்கி கடன் மறுத்து வீடு போயிருந்தால் அது வந்திருக்காது. பத்து டாலரை ஒருவர் தன் விருப்பப்படி பங்கிட, மற்றவர் ஏற்கவோ மறுக்கவோ செய்யும் விளையாட்டு ஒன்று உண்டு. மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. 2003இல் ஆலன் சான்ஃபியும் உடன் ஆய்வாளர்களும் அதை ஆடுவோரின் மூளையைப் படம் பிடித்தார்கள். அநியாயமான பங்கு வந்தபோது இன்சுலா என்னும் பகுதி கிளர்ந்தது. கெட்ட நாற்றத்துக்கும் அருவருப்புக்கும் கிளர்வதாக அறியப்பட்ட பகுதி அது. அதே அற்பப் பங்கைக் கணினி கொடுத்தபோது மக்கள் அவ்வளவாக மறுக்கவில்லை. மனிதர் கொடுத்தால்தான் பொறுக்கவில்லை. இழந்த தொகையோடு, யார் கையால் இழந்தோம் என்பதும் மனதுக்குக் கணக்கு. வாக்குக் கொடுத்தவர் ஒரு மனிதர், எங்களுக்குத் தேநீர் கொடுத்து, தோட்டத்து ஆப்பிள் மரம் எப்போது காய்க்கும் என்று சொன்னவர்.

அவரை நான் முழுக்க மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரும் வேறொரு வீட்டை வாங்கக் காத்திருந்தவர். இங்கே வீடுகள் சங்கிலியாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவர் வாங்கவிருந்த வீட்டின் விலையையும் யாரோ ஏற்றியிருக்கலாம்.

சரி, இந்த அறிவு எதற்கு உதவுகிறது? உடனடியாக, "நாளைக்குள் சொல்லுங்கள்" என்ற அந்த ஒரு நாளுக்கு. மேலே சொன்னவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அந்த 24 மணி நேரம் விலை முடிவு செய்ய ஆக மோசமான நேரம். தன் பொருளைப் பிடுங்குகிறார்கள் என்ற உணர்வு உச்சத்தில் இருக்கிறது. கிட்டத்தில் தவறுவது ஆசையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. 2009இல் லூக் கிளார்க்கும் மற்றவர்களும் கேம்பிரிட்ஜில் செய்த ஆய்வில், சூதாட்டப் பொறியில் ஒரே ஒரு கட்டம் தவறித் தோற்றவர்களுக்கு அந்தத் தோல்வி இனிக்கவில்லை. ஆனாலும் மறுபடி ஆடும் விருப்பம் கூடியது. வென்றபோது இயங்கும் மூளைப் பகுதிகளில் சில அப்போதும் இயங்கின. இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் எண்ணெய்ப் பொறியாளர்களின் பழைய எச்சரிக்கை ஒன்று நிற்கிறது. மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களை ஏலம் எடுத்த நிறுவனங்கள் ஏன் எதிர்பார்த்த லாபம் பார்க்கவில்லை என்று ஆராய்ந்த மூவர், 1971இல் எழுதினார்கள்: பலர் மதிப்பிடும் ஏலத்தில் வெல்பவர், பெரும்பாலும் மதிப்பை ஆக அதிகமாகக் கணித்தவர். ஆகவே உச்சவரம்பை முதல் விலை சொல்லும் முன்பே, அந்த வீட்டுப் படியில் மனதால் ஏறும் முன்பே, ஒரு தாளில் எழுதிக் கணவரும் மனைவியும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் எழுதி வைக்கவில்லை. வங்கி கொடுக்க மறுத்த அந்த 15,000தான் எங்களுக்கு வரம்பாக நின்றது.

பிறகு வரும் இரவுகளுக்கு. 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சூசன் நோலன்-ஹோக்ஸெமா ஸ்டான்ஃபர்ட் மாணவர்களிடம், மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கியிருந்தார். ஏன் எனக்கு இப்படி, ஏன் இன்னும் இப்படியே இருக்கிறேன் என்று அதையே அசைபோடும் பழக்கம் உள்ளவர்கள், ஏழு வாரம் கழித்தும் மற்றவர்களைவிட அதிகச் சோர்வில் இருந்தார்கள். அசைபோடுவதும் நடந்ததை ஒழுங்காகச் சொல்லி முடிப்பதும் வேறு வேறு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை உலுக்கிய நிகழ்வை உணர்வோடு சேர்த்து எழுதியவர்கள் அன்றன்றைக்கு இன்னும் வருந்தினார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பிந்தைய தொகுப்பாய்வுகள் இந்தப் பயன் சிறியது என்றே சொல்கின்றன. சிறியதாக இருந்தாலும் செலவில்லாதது. நான் எழுதினேன். மூன்றாம் நாள், படிவத்தை இரண்டு நாள் தாமதமாக அனுப்பியதை எழுதியபோதுதான், இத்தனை நாளும் என்மேல் நானே வழக்கு நடத்திக்கொண்டிருந்தது தெரிந்தது.

எனக்கு உண்மையாகவே ஆறுதல் தந்த ஆய்வு ஒன்று உண்டு, அதுவும் வீடுகளைப் பற்றியது. ஹார்வர்டில் முதலாண்டு மாணவர்களுக்கு, அடுத்த ஆண்டுகளில் தங்கும் விடுதி இல்லம் குலுக்கலில் கிடைக்கிறது. நல்லது என்று பேர்பெற்ற இல்லமும் உண்டு, தள்ளிக் கிடக்கும் இல்லமும் உண்டு. எலிசபெத் டன், டிமதி வில்சன், டேனியல் கில்பர்ட் மூவரும் அவர்களிடம், ஓராண்டு கழித்து எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பீர்கள் என்று முன்கூட்டிக் கேட்டார்கள். நல்ல இல்லம் கிடைத்தால் பெருமகிழ்ச்சி, இல்லாவிட்டால் பெருந்துன்பம் என்பது அவர்கள் கணிப்பு. ஓராண்டு கழித்துக் கேட்டபோது இரு தரப்பின் மகிழ்ச்சியிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2003இல் வெளியான அந்த ஆய்வு சொல்லும் காரணம் இது: கணிக்கும்போது அவர்கள் இல்லத்துக்கு இல்லம் மாறுகிறவற்றை மட்டுமே பார்த்தார்கள், இடம், கட்டடம், அறை. எல்லா இல்லத்திலும் ஒன்றுபோல இருக்கப்போகிறவற்றை, நண்பர்களையும் சாப்பாட்டு மேசைப் பேச்சையும், கணக்கில் எடுக்கவில்லை.

நானும் அதையே செய்திருந்தேன். ஆப்பிள் மரமும் ஜன்னலும் படியடி இடமும் அந்த வீட்டோடு போனவை. இட்லிப் பானையும் மகளின் வீட்டுப்பாடச் சண்டையும் எங்களோடு வருபவை. எந்த வீட்டிலும் நாளின் பெரும்பகுதியை அவைதான் நிரப்பும்.

ஆறு மாதம் கழித்து வேறொரு வீட்டுக்கு விலை சொன்னோம். இம்முறை சொலிசிட்டரிடம் சொல்லி, குறிப்பிட்ட வாரங்களுக்கு வேறு யாரிடமும் பேசுவதில்லை என்று விற்பவரிடம் எழுதி வாங்கினோம். எல்லா விற்பவரும் இதற்குச் சம்மதிப்பதில்லை. ஆனால் நாள் வரையறுத்து இப்படி எழுதி வாங்கினால் அது செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990களில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. சொலிசிட்டர் செலவு வீணானால் ஈடுகட்டும் காப்பீடும் எடுத்துக்கொண்டோம். திரைச்சீலைக்கு அளக்கவில்லை. மகளை அழைத்துப்போய்க் காட்டவில்லை. அம்மா இரண்டு தடவை போனில் வாசல் எந்தத் திசை என்று கேட்டார், இரண்டு தடவையும் பேச்சை மாற்றினேன். எக்ஸ்சேஞ்ச் முடிந்துவிட்டது என்று சொலிசிட்டரின் மின்னஞ்சல் ஒரு மாலை நாலு மணிக்கு வந்தது. மதுரையில் அப்போது இரவு ஒன்பதரை. அம்மா தூங்கியிருக்க மாட்டார் என்று தெரியும். போன் செய்து, வாசல் கிழக்கு, நாள் பாருங்கள் என்றேன்.